வறுத்த மருந்து

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆகியும் அப்பாவின் கொப்பரை நிறைந்தே இருந்தது.

பெரிய செப்புக் கொப்பரை. அதில் கர்னித்தாஸுக்கான பன்றிக்கறி, தன் கொழுப்பிலேயே மூன்று மணி நேரம் வெந்து பொன்னிறமாகக் கிடந்தது. மற்ற ஞாயிறுகளில் இந்நேரம் தெருமுனைவரை ஆட்கள் நிற்பார்கள். இன்று கடைக்கு முன்னால் ஒரு நாய் மட்டும்தான் நின்றது. அந்தத் தெருவில் முகக்கவசம் போடாதது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மெக்சிகோ நகரத்தின் பள்ளிக்கூடங்களை எல்லாம் மூடிவிட்டார்கள். புதிதாக ஒரு ஃப்ளூ வந்திருந்தது. திரையரங்குகள் மூடின. தேவாலயத்தில் பூசை இல்லை. பார்த்தவுடன் கன்னத்தில் முத்தம் கொடுக்கும் வழக்கமும் நின்றுபோனது. பழக்கத்தில் முகத்தை நீட்டியவர்கள், பாதியில் நினைவு வந்து சட்டென்று பின்வாங்கினார்கள்.

அந்த ஃப்ளூவுக்கு எல்லோரும் வைத்த பெயர்தான் அப்பாவுக்குத் தொல்லையாகிவிட்டது. பன்றிக் காய்ச்சல்.

"ஆரேலி, பலகைய இன்னும் கொஞ்சம் முன்னாடி வை. தெரியவே இல்ல பாரு," என்றார் அப்பா.

ஆரேலி பலகையை நடைபாதை விளிம்புவரை இழுத்து வைத்தாள். அதில் எழுதியிருந்தது அவள்தான். அவளுக்குப் பதினொரு வயது. வகுப்பிலேயே அழகான கையெழுத்து.

'எங்கள் கறி மூன்று மணி நேரம் வெந்தது. எந்தக் கிருமியும் பிழைக்காது.'

எதிரே டோர்டியா எனும் சோள ரொட்டிக் கடை வைத்திருக்கும் தோன்யா செனாய்தா அதைப் படித்துவிட்டு, அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"எவரார்தோ, பலகைய நடுரோட்டுல வெச்சாலும் ஒருத்தனும் வரமாட்டான்."

"ரேடியோ கேக்கலையா தோன்யா? நல்லா வெந்த கறியில ஃப்ளூ கிருமி இருக்காதாம். அரசாங்கமே சொல்லுது."

"அரசாங்கம் எதைத்தான் சொல்லல?"

"சரி, என் கொப்பரைய நம்புங்க. நீங்களும் நானும் உள்ள விழுந்தாலே பிழைக்க மாட்டோம். கிருமி எந்த மூலைக்கு?"

"நீ விழுந்தா கொப்பரை வழிஞ்சிடும்டா," என்றார் தோன்யா. அவருடைய முகக்கவசம் சிரிப்பில் குலுங்கியது. ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் வாங்கும் அரைக் கிலோவை அவரும் வாங்கவில்லை.

அப்பா கரண்டியைக் கொப்பரையின் விளிம்பில் சாய்த்து வைத்தார். 

கடைக்குப் பின்னால்தான் வீடு. சன்னல் கம்பிகளைப் பிடித்தபடி தம்பி ததேயோ தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஐந்து வயது. அவன் வெளியே வரக் கூடாது.

ததேயோவுக்குப் பிறவியிலேயே ஒரு நோய். அதற்கு நீளமான பெயர் உண்டு. வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. அவன் நெஞ்சில் சளி பசைபோலக் கட்டிக்கொள்ளும். தினமும் காலையில் அம்மா அவனைக் குப்புறப் படுக்கவைத்து, கையைக் குழித்து முதுகில் தட்டுவார். "குதிரை ஓடுது," என்று ததேயோ சிரிப்பான். கொஞ்ச நேரத்தில் சளி இளகி வரும்.

வயிற்றிலும் கோளாறு. சாப்பாட்டைச் செரிக்கவைக்கும் நீர் அவன் குடலுக்கு வந்து சேராது. அதனால் ஒவ்வொரு முறை சாப்பிடும்போதும் இரண்டு கேப்ஸ்யூல். அவனுக்கு அவற்றை முழுங்க வராது. திறந்து, உள்ளே இருக்கும் சின்னச் சின்ன உருண்டைகளை ஆப்பிள் கூழில் தூவிக் கொடுக்க வேண்டும். அது ஆரேலியின் வேலை. இரண்டு வருடமாக அவள்தான் செய்கிறாள்.

மருத்துவமனையிலிருந்து நர்ஸ் சொக்கோரோ வெள்ளிக்கிழமையே தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். ததேயோ மாதிரிப் பிள்ளைகளுக்கு இந்த ஃப்ளூ வந்தால் ரொம்பக் கஷ்டம், வெளியே விடாதீர்கள், மிக அவசரம் என்றால் தவிர இங்கேயும் கூட்டிவராதீர்கள், இங்கேதான் ஃப்ளூ நோயாளிகள் குவிந்து கிடக்கிறார்கள் என்றார்.

அன்றிலிருந்து அம்மா எல்லாவற்றையும் கழுவினார். கதவுப் பிடியைக் கழுவினார். ஆப்பிளைச் சோப்புப் போட்டுக் கழுவினார். குளிர்பெட்டியில் இருந்த பன்றிக்கறித் துண்டுகளை எடுத்துக் குப்பையில் போட்டார்.

"ரெய்னா, நம்ம வீட்டிலேயேவா?" என்று அப்பா கேட்டார்.

"எனக்குத் தெரியும், வெந்ததுல ஒண்ணும் இல்லன்னு. ஆனா இப்ப என்னால முடியல," என்றார் அம்மா.

பள்ளிக்கூடம் இல்லாததால் ஆரேலி கண்ணில் பட்டதையெல்லாம் படித்தாள். சோள அவல் பெட்டியைப் படித்தாள். சோப்பு உறையைப் படித்தாள். அன்று மத்தியானம் புது மருந்துப் பெட்டியைத் திறந்தபோது, உள்ளே எட்டாக மடித்திருந்த தாளையும் விரித்துப் படித்தாள்.

மூன்றாவது வரியில் அவள் கண் நின்றது.

'இம்மருந்து பன்றியின் கணையத்திலிருந்து தயாரிக்கப்படுகிறது.'

திரும்பவும் படித்தாள். தாளின் மறுபக்கத்தையும் படித்தாள். பன்றி என்ற சொல் இரண்டு இடங்களில் இருந்தது. 'வேகவைத்தது' என்ற சொல் எங்கேயும் இல்லை.

அடுப்படி சுவரில் சாய்ந்து நின்றாள்.  தெருவில் ஒருவரும் தொட மறுக்கிற பன்றியை, அதுவும் வேகாத பன்றியை, அவள் தன் கையாலேயே ஒவ்வொரு வேளையும் தம்பிக்கு ஊட்டியிருக்கிறாள்.

அம்மாவிடம் சொன்னால்? குப்பைக்கூடையில் கிடக்கும் கறித்துண்டுகள் நினைவுக்கு வந்தன. அம்மா பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடுவார். மருந்து இல்லாமல் ததேயோவால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியாது. அப்பாவிடம் சொல்லலாமா? அப்பா காலையிலிருந்து பன்றி, பன்றி என்று கேட்டு ஓய்ந்துபோயிருக்கிறார்.

வெளியே அப்பாவின் குரல் யாரோ வழிப்போக்கரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. "நல்லா சூடு பட்டா எந்தக் கிருமியும் தாங்காதுங்க."

ஆரேலி டோர்டியா சுடும் கல்லை அடுப்பில் வைத்தாள். இரண்டு கேப்ஸ்யூல்களைத் திறந்து உருண்டைகளைக் கல்லின் மேல் கொட்டினாள். கரண்டியால் கிளறினாள். மூன்று மணி நேரம் முடியாது. அதனால் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் வறுத்தாள். வெளிர் நிறத்தில் இருந்தவை பழுப்பாயின. சில ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவற்றைச் சுரண்டி எடுத்து, ஆற வைத்து, கூழில் கலந்தாள்.

ததேயோ ஒரு வாய் வாங்கி முகத்தைச் சுளித்தான்.

"கருகல் வாசனை அடிக்குது, ஆரே."

"புது மருந்து. அப்படித்தான் இருக்கும்."

"ஆப்பிள் தீப்பிடிச்ச மாதிரி இருக்கு."

"பேசாம முழுங்குடா."

அவன் முழுங்கினான். ஆரேலிக்கு அன்று முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது.

அன்று சாயங்காலமும் வறுத்தாள். திங்கட்கிழமை காலையும் வறுத்தாள். அம்மா துணி காயப்போட மாடிக்குப் போகும் நேரம் பார்த்து வறுத்தாள்.

திங்கள் காலையிலேயே ததேயோவின் வயிறு உப்பிக்கொண்டது. தட்டினால் தப்பு மேளம்போலச் சத்தம் வந்தது. அவன் விட்ட காற்றில் அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

"யப்பா. முகக்கவசத்தையும் தாண்டி வருதே."

ததேயோ சிரிக்க ஆரம்பித்தான். பாதியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான்.

அவன் கழிவறைக்குப் போய் வந்தால் அம்மா எட்டிப் பார்ப்பது வழக்கம். மருந்து வேலை செய்தால் மலம் மூழ்கும். வேலை செய்யாவிட்டால் எண்ணெய் மினுமினுப்போடு மிதக்கும். அன்று அம்மா பார்த்துவிட்டு வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஆரேலி, நேத்து மருந்து சரியா குடுத்தியா?"

"குடுத்தேன்மா."

"ரெண்டும்?"

"ரெண்டும் குடுத்தேன்."

பொய் இல்லை. ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு விளக்கு ஆட ஆரம்பித்தது. அலமாரியில் கிண்ணங்கள் கிணுகிணுத்தன. "நிலநடுக்கம், வெளிய வாங்க," என்று அப்பா கடையிலிருந்து குரல் கொடுத்தார். தெருவில் எல்லோரும் கூடிவிட்டார்கள். மின்கம்பிகள் ஊஞ்சல்போல ஆடின. முகக்கவசங்களுக்கு மேலே கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. பக்கத்தில் நிற்கவும் பயம், தள்ளி நிற்கவும் பயம்.

"ஃப்ளூ போதாதுன்னு இது வேறயா," என்றார் தோன்யா செனாய்தா. யாரும் சிரிக்கவில்லை.

"ததேயோ எங்க?" என்றார் அம்மா.

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். எழுந்து ஓட முடியவில்லை. அப்பா பாய்ந்து போய் அவனைத் தூக்கி வந்தார். அதற்குள் தரை நின்றுவிட்டது. ததேயோ அப்பாவின் தோளில் தலையைச் சாய்த்தபடி, "வலிக்குதுப்பா," என்றான். ஐந்து வயதுப் பையனின் கை, வெட்டிப் போட்ட கொடிபோலத் தொங்கியது.

அதற்குப் பிறகு வெப்பமானி அவன் அக்குளை விட்டு இறங்கவே இல்லை. காய்ச்சல் இல்லை என்றே காட்டியது. அம்மா நம்பாமல் அதை உதறி உதறி மறுபடியும் வைத்தார்.

"ஃப்ளூவா இருந்தா காய்ச்சல் வரணும்ல?" என்றார் அப்பா.

"அப்புறமா வரலாம்ல? இவனுக்கு எல்லாமே வேற மாதிரிதானே வரும்."

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்."

"அங்கயா? அந்தக் கூட்டத்துலயா?" அம்மா வெப்பமானியைக் கீழே வைத்தார். "ஒண்ணும் இல்லாம போய், அங்க வாங்கிட்டு வந்தா? இவன் நெஞ்சு தாங்குமா?"

"வீட்டுல வெச்சு என்ன பண்றது? சாப்பாடு தங்கல. ஒரே நாள்ல எப்படி ஆயிட்டான் பாரு."

 கடைசியில் அம்மா மெதுவாகத் தலையாட்டினார். காலை எட்டரைக்குக் கிளம்புவது என்று முடிவாயிற்று.

கதவுக்குப் பின்னால் நின்ற ஆரேலிக்கு எல்லாம் கேட்டது. வறுக்க ஆரம்பிப்பதற்கு முன்பே கிருமி தம்பிக்குள் போய்விட்டதோ என்று ஒரு பயம். அதைவிட மோசமாக இன்னொன்று தோன்றியது. வறுத்ததால்தான் இப்படியோ? எது உண்மை என்று தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் மருந்தைக் கொடுத்த கை அவளுடையது.

செவ்வாய்க்கிழமை காலை அப்பா டாக்சி பிடித்து வரப் போனார். அம்மா உள் அறையில் ததேயோவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அடுப்பின் மேல் பால் ஊற்றிய சோளமாவுக் கஞ்சி, குடிக்கும் சூட்டில் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

ஆரேலி அந்தக் கஞ்சியைப் பார்த்தபடி நின்றாள்.

மருந்தை முதன்முதலில் கொடுத்தபோது நர்ஸ் சொக்கோரோ கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். 'ஆப்பிள் கூழ்ல மட்டும்தான் கலக்கணும். கஞ்சியில கலந்துடாதீங்க. ஒரு அம்மா கலந்தாங்க. பிள்ளை வயித்துல செய்ய வேண்டிய வேலைய மருந்து கிண்ணத்துலயே செஞ்சிடுச்சு. கஞ்சி தண்ணியாப் போச்சு.'

அப்படியானால், வேலை செய்கிற மருந்து கஞ்சியைத் தண்ணீராக்க வேண்டும்.

ஆரேலி இரண்டு குவளைகளை எடுத்து வைத்தாள். இரண்டிலும் ஒரே அளவு கஞ்சி ஊற்றினாள். இரண்டு கேப்ஸ்யூல்களைத் திறந்து, உருண்டைகளை வறுக்காமல், சீக்கிரம் கரையட்டுமென்று கரண்டியின் பின்புறத்தால் நசுக்கி, நீலக் குவளையில் போட்டாள். நேற்று வறுத்த ஒரு வேளை மருந்து, அவன் சாப்பிடாததால் மிச்சம் இருந்தது. அதையும் நசுக்கி வெள்ளைக் குவளையில் போட்டாள். இரண்டையும் கலக்கினாள்.

ஐந்து நிமிடம் ஆனது. இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"ஆரேலி, செருப்பு எங்கடி இவனோடது?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டார்.

"கட்டிலுக்கு அடியில பாரும்மா."

பத்து நிமிடம். நீலக் குவளையில் கரண்டி கொஞ்சம் லேசாகச் சுழல்வதுபோல இருந்தது. தன் ஆசைதான் அப்படிக் காட்டுகிறதோ என்று நினைத்தாள். இன்னும் காத்திருந்தாள். தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் வாசலை எட்டிப் பார்த்தாள்.

பதினைந்து நிமிடம் ஆனதும் நீலக் குவளையைச் சாய்த்தாள். கஞ்சி தண்ணீர்போல விளிம்புக்கு ஓடி வந்தது.

வெள்ளைக் குவளையைச் சாய்த்தாள். கஞ்சி அசையவில்லை. கரண்டி நடுவில் நட்டது நட்டபடி நின்றது.

ஆரேலி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வறுத்ததில் கிருமி செத்ததோ இல்லையோ, மருந்து செத்துப்போயிருந்தது. இரண்டு நாளாகத் தம்பி மருந்தே இல்லாமல் சாப்பிட்டிருக்கிறான்.

வாசலில் டாக்சியின் ஹாரன் கேட்டது.

ஆரேலி இரண்டு குவளைகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவசரத்தில் நீலக் குவளை வழிந்து விரல்களை நனைத்தது.

"அம்மா, போகாதீங்க."

"என்னடி இது? வண்டி வந்துடுச்சு."

"அவனுக்கு ஃப்ளூ இல்லம்மா. நான்தான். நான் மருந்த வறுத்துட்டேன்."

அம்மா ததேயோவின் செருப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். "எதை என்ன பண்ணே?"

"வறுத்துட்டேன். டோர்டியாக் கல்லுல. அது பன்றியிலேருந்து பண்ற மருந்தும்மா. தாள்ல போட்டிருக்கு. வேகாததுன்னு பயந்தேன். உன்கிட்ட சொன்னா நீ தூக்கிப் போட்டுடுவியோன்னு..."  குவளைகளை நீட்டினாள். "இது வறுக்காதது. கஞ்சி தண்ணியாயிடுச்சு பாரு. இது வறுத்தது. ஒண்ணுமே ஆகல. அவன் வயித்துலயும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

அப்பா வாசலில் வந்து நின்றிருந்தார். அவரும் கேட்டுவிட்டார்.

அம்மா ஒரு குவளையைச் சாய்த்துப் பார்த்தார். மற்றதையும் சாய்த்துப் பார்த்தார். பிறகு மெதுவான குரலில், "ரெண்டு நாளா?" என்றார். கத்தியிருந்தால்கூட ஆரேலிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"ஞாயித்துக்கிழமை மத்தியானத்துலேருந்து."

"அதான் கருகல் வாசனை," என்றான் ததேயோ. "நான் அப்பவே சொன்னேன். யாரும் கேக்கல."

அப்பா வெளியே போய் டாக்சிக்காரரிடம், "பத்து நிமிஷம் நில்லுப்பா," என்று சொல்லிவிட்டு வந்து தொலைபேசியை எடுத்தார். மருத்துவமனை எண் ஓயாமல் பிஸியாகவே இருந்தது. நான்காவது முறைதான் கிடைத்தது. நர்ஸ் சொக்கோரோவின் குரலைக் கேட்டதும் அம்மா தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

"காய்ச்சல் இல்ல... இருமல் எப்பவும் போலத்தான், கூடல... உதடு நல்லாத்தான் இருக்கு... மூச்சு வாங்கல... ஆமா, வறுத்துட்டா. வ-று-த்-துட்டா. கல்லுல."

 பிறகு அம்மா தொலைபேசியை ஆரேலியிடம் நீட்டினார். "உன்கிட்ட பேசணுமாம்."

ஆரேலி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு," என்றார் நர்ஸ். மூன்று நாள் தூங்காத குரல். "வெள்ளிக்கிழமையிலேருந்து இது பன்றி மருந்தான்னு கேட்டு எத்தனை பேர் கூப்பிட்டாங்க தெரியுமா? ரெண்டு பேர் குப்பையில போட்டாங்க. ஒருத்தர் கோயில் தண்ணி தெளிச்சிருக்கார். வறுத்தது நீ ஒருத்திதான்."

"எங்கப்பா கர்னித்தாஸ் கடை வெச்சிருக்கார்," என்றாள் ஆரேலி. வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"ஓ. அப்ப சரி." நர்ஸின் குரலில் லேசாகச் சிரிப்பு தெரிந்தது. "இங்க பாரு. இந்த ஃப்ளூ ஒருத்தர் இருமினா, தும்மினா இன்னொருத்தருக்கு வர்றது. மாத்திரை இருமுமா?"

"இருமாது."

"மருந்து பண்ற இடத்துல அதைச் சுத்தம் பண்ணி, காயவெச்சு, சோதிச்சுத்தான் அடைக்கிறாங்க. ஃப்ளூ கிருமி அத்தனையும் தாண்டி வராது. ஆனா அடுப்புச் சூடு மருந்தைக் கொன்னுடும்."

"நிச்சயமா வராதா?"

"கண்ணு, நான் நர்ஸ். உலகத்துல எதையும் நூத்துக்கு நூறுன்னு சொல்ல எனக்குப் பயம். ஆனா ஒண்ணு சொல்லுவேன். மருந்து இல்லாம உன் தம்பி சாப்பிட முடியாது. அது நூத்துக்கு நூறு. நீயே பாத்துட்டேல்ல?"

"பாத்தேன்."

"இப்ப அவன இங்க கூட்டிட்டு வர வேண்டாம். மருந்த வறுக்காம குடு. தண்ணி நிறைய குடு. ஒரு நாள் பாக்கலாம். காய்ச்சல் வந்தா, மூச்சு வாங்கினா, உதடு நீலமானா உடனே எனக்குப் போன் பண்ணிட்டு பின்வாசல் வழியா வாங்க. அப்புறம், கண்ணு, அந்தக் கஞ்சிய யாருக்கும் குடுத்துடாத."

அப்பா டாக்சியை அனுப்பிவிட்டார். தெருவில் அதன் சத்தம் தேய்ந்து மறைந்தபோது ஆரேலிக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது. அவள் பேச்சை நம்பித்தான் வண்டி திரும்பிப் போகிறது. அவள் சொன்னது தப்பாக இருந்தால்?

அம்மா ஆப்பிள் கூழைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தார். மருந்துப் பெட்டியைத் தன் கையில் சற்று நேரம் வைத்திருந்தார். அந்தத் தாளை விரித்து மூன்றாவது வரியைப் படித்தார். குப்பைக்கூடை அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆரேலி அம்மாவின் கையையே பார்த்தாள்.

அம்மா தாளை மறுபடி மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"நீயே குடு," என்றார்.

ஆரேலி இரண்டு கேப்ஸ்யூல்களைத் திறந்தாள். வெளிர் நிற உருண்டைகள் கூழின்மேல் உதிர்ந்தன. அவற்றில் ஏதாவது அசைகிறதா என்று குனிந்து பார்த்தாள். அசையாது என்று தெரிந்தும் பார்த்தாள். பிறகு கரண்டியை நீட்டினாள். கரண்டி நடுங்கியது. ததேயோ அதை வாயால் துரத்திப் பிடித்தான்.

"கருகல," என்றான்.

அன்று பூராவும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ததேயோ சூப் கொஞ்சம் குடித்தான். டோர்டியாவில் பாதி தின்றான். அவன் ஒவ்வொரு முறை இருமும்போதும் மூன்று தலைகள் ஒன்றாகத் திரும்பின. அம்மா வெப்பமானியைக் காதில் பென்சில்போலச் செருகிக்கொண்டே நடமாடினார். அப்பா கடையைத் திறக்கவில்லை. சாயங்காலம் தோன்யா செனாய்தா மட்டும் சன்னலுக்கு வெளியே வந்து நின்று, சுடச்சுட டோர்டியாப் பொட்டலம் ஒன்றைக் கம்பிவழியே தள்ளினார். "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். "தெரியல தோன்யா, பாத்துட்டிருக்கோம்," என்றார் அப்பா.

"நான் கறிக்குத்தானேடி பலகையில எழுதச் சொன்னேன்," என்றார் அப்பா, ஆரேலியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து. கொஞ்சம் பொறுத்து, "அடுத்த தடவை என்கிட்ட கேளு. நான் எவ்வளவு சோர்ந்துபோய் இருந்தாலும் கேளு," என்றார்.

"சரிப்பா."

புதன்கிழமை காலையில் அம்மா முதுகில் தட்டியபோது ததேயோ "குதிரை" என்று சொல்லவில்லை. ஆனால் முடித்ததும், "பசிக்குது," என்றான்.

முட்டை தின்றான். அவரை தின்றான். அப்பாவின் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்றான். ஆரேலி வறுக்காத மருந்தைக் கொடுத்தாள். இந்த முறை கரண்டி அவ்வளவாக ஆடவில்லை.

பத்து மணி சுமாருக்கு ததேயோ எழுந்து கழிவறைக்குப் போனான். கதவைச் சாத்திக்கொண்டான்.

அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார். அப்பா செய்தித்தாளை மடித்தார். ஆரேலி கதவுக்கு முன்னால் போய் நின்றாள். மூவரும் அங்கேயே நின்றார்கள். குழாயில் சொட்டும் தண்ணீர்கூடக் கேட்டது.

"ததேயோ," என்று ஆரேலி மெதுவாகக் கூப்பிட்டாள். "மிதக்குதா?"

கதவைத் தட்டினாள்.

"டேய், எட்டிப் பாத்துச் சொல்லு. மிதக்குதா?"

உள்ளே காலடிச் சத்தம்.  அவன் நன்றாகக் குனிந்து பார்க்கிறான் என்று தெரிந்தது.

"மூழ்கிடுச்சு," என்றான் ததேயோ.

அப்பா ஆரேலியை அப்படியே தூக்கிச் சுற்றினார். அம்மா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. உள்ளே ததேயோ, தன் திறமையை எல்லோரும் பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, "முழுசா மூழ்கிடுச்சு, அடியிலே போயிடுச்சு," என்று பாட்டாகவே பாட ஆரம்பித்தான்.

எதிர்க்கடையிலிருந்து தோன்யா செனாய்தா முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு குரல் கொடுத்தார்.

"என்ன மூழ்கிச்சு? எங்க மூழ்கிச்சு? யாராவது சொல்லுங்களேன்."

ஆரேலி சன்னலுக்கு ஓடினாள். சிரிப்பில் அவளுக்குப் பேச்சே வரவில்லை.